பழகிய காதும் புதிய குரலும்

ஒரு பாட்டு ஒருவருக்கு ஏன் பிடிக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வியை எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் விடை தேடப் பெரும்பாலான ஊர்கள் உதவுவதில்லை. தஞ்சாவூரில் பிறந்த ஒருவருக்குத் தாய்மொழி, கோயில் நாகசுரம், வீட்டு வானொலி, அம்மா பாடிய தாலாட்டு எல்லாம் ஒரே திசையிலிருந்து வந்து காதில் விழுந்திருக்கும். அவருக்கு ஒரு பாட்டு பிடித்தால் அது மொழியால் பிடித்ததா, பழக்கத்தால் பிடித்ததா, பாட்டின் அமைப்பால் பிடித்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் சித்தூர் வட்டத்தில் நிலைமை வேறு. கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேன்பதி, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் பல வீடுகளில் தமிழ். அரசு அலுவலகத்தில் மலையாளம். சாமான் வாங்கப் பொள்ளாச்சி, வழக்கு வம்புக்குப் பாலக்காடு. ஒரு திருவிழாவில் செண்டை கொட்டும், அடுத்ததில் உறுமியும் ஜமாப்பும் முழங்கும். மற்ற ஊர்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் காரணங்கள் இங்கே தனித்தனியாக நிற்கின்றன. எது உண்மையில் வேலை செய்கிறது என்று நிறுத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாட்டு பிடிப்பதற்கு அதன் பொருள் புரிய வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. சித்தூருக்கு அதிகத் தொலைவில்லாத எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர் எம்.எஸ். விசுவநாதன். வீட்டு மொழி மலையாளம். இசை கற்றது கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம். அவர் போட்ட மெட்டுகள்தாம் இரண்டு தலைமுறைத் தமிழரின் காதலுக்கும் சாவுக்கும் துணை நின்றன. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவரும் அவரே. இந்தப் பக்கம் பார்த்தால், கல்பாத்தி அக்கிரகாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளில் உருகியிருக்கின்றன. கண்யார்களி ஆடும் சித்தூர், ஆலத்தூர் வட்டத்து மலையாளக் கிராமங்களில் தமிழ் கலந்த பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. பொருள் புரிவது பிடித்துப்போவதற்கு நிபந்தனை என்றால் இவற்றில் எதுவுமே நடந்திருக்கக் கூடாது.

ஆனால் இதை வைத்துச் சொல்லைத் தள்ளிவிட நான் தயாரில்லை. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டி, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியவர்கள் புரியாத மொழியில் பாடுவதை எதிர்த்தபோது, எதிர்த்தரப்பு இதே வாதத்தைத்தான் வைத்தது: இசைக்கு மொழி தேவையில்லை. அந்த வாதம் பாதிதான் சரி. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்திலிருந்து ‘வருகலாமோ’வைக் கே.வி. நாராயணசுவாமி மாஞ்சி ராகத்தில் பாடியதைக் கேட்டவர்களை நினைத்துப் பாருங்கள். பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ் தெரியாதவருக்கு அது ஓர் அழகான சொற்றொடர் மீண்டும் வருவது. தமிழ் தெரிந்தவருக்கோ, கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவன் உள்ளே வரலாமா என்று மறுபடி மறுபடி கேட்பது. விடை வராததால்தான் அந்த வரி திரும்பி வருகிறது. ராகம் இருவருக்கும் ஒன்று, பாட்டு ஒன்றில்லை. ஆகவே சொல்லின் இடத்தை இப்படி வரையறுக்கலாம்: முதல் ஈர்ப்புக்குச் சொல் காரணமில்லை, ஈர்ப்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதைச் சொல் தீர்மானிக்கிறது. தமிழ் இசை இயக்கத்தார் கேட்டது இந்த இரண்டாவதைத்தான். அதில் அவர்கள் பக்கமே நியாயம்.

சொல்லே இல்லாத, ராகமும் பெயரளவுக்கே உள்ள ஓர் இசை எப்படிப் பிடிக்கிறது? செண்டை மேளம் இந்தக் கேள்விக்கு நேரான சோதனை. பஞ்சாரி மேளத்தை அருகில் நின்று கேட்டால் அதன் கட்டுமானம் தெரியும். முதல் காலத்தில் ஒரு தாளவட்டம் 96 அட்சரம். அடுத்தடுத்த காலங்களில் அது 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து ஐந்தாம் காலத்தில் ஆறுக்கு வந்து நிற்கும். வேகம் ஏற ஏற வட்டம் சுருங்கும். முதல் காலத்தில் செண்டைகள் நிதானமாக நடக்கின்றன, இலத்தாளம் ஒரே சீராகத் தட்டுகிறது, குழலும் கொம்பும் ஒன்றையொன்று தொடர்கின்றன. பழகாதவருக்கு இது நீண்ட, திசையற்ற ஓசை. வட்டம் எங்கே முடிகிறது என்றே அவர் காதுக்குப் பிடிபடாது. பழகியவர்களோ வலது கையை மெல்ல அசைத்துக்கொண்டு நிற்பார்கள். வட்டத்தை முடித்துவைக்கும் கலாசம் நெருங்குவதை உடல் முன்கூட்டியே அறிந்து, அடி விழும் கணத்தில் நூறு கைகள் ஒன்றாக மேலே எழும். யாரும் சைகை காட்டுவதில்லை.

அந்தக் கை எழும் கணத்தில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. இசையின் இன்பம் எதிர்பார்ப்பில் பிறக்கிறது. அடுத்து வரப்போவதைக் காது ஊகிக்கிறது, இசை அதைத் தள்ளிப்போடுகிறது, மாற்றுகிறது, கடைசியில் தருகிறது என்று அமெரிக்க இசையியலாளர் லியனார்டு மேயர் 1956-இல் எழுதினார். அவர் கண்முன் இருந்தது பெரும்பாலும் ஐரோப்பிய இசை. செண்டை மேளத்துக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊகிக்கத் தெரியாத காதுக்கு 96 அட்சரம் வெறும் காலம். ஊகிக்கத் தெரிந்த காதுக்கு அது நீளமான ஏக்கம். மேளக்காரர்களின் மேதைமை இன்னொன்றிலும் இருக்கிறது. வட்டம் ஆறாகச் சுருங்கும்போது, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒன்றும் பிடிபடாமல் நின்ற கோயமுத்தூர்க்காரரும் அதைப் பிடித்துக்கொள்கிறார். கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் மேளம் முடிகிறது.

அப்படியானால் எல்லாம் பழக்கம்தானா? பழக்கத்தின் பலத்துக்குச் சான்றுகள் வலுவானவை. எதையும் பலமுறை எதிர்கொண்டாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் சயோன்சு 1968-இல் காட்டினார். பொலிவியக் காடுகளில் மேற்கத்திய இசையை அதிகம் கேட்டறியாத சிமானே மக்களிடம் இணக்கமான சுரக்கூட்டுகளையும் உரசும் சுரக்கூட்டுகளையும் ஒலித்துக் காட்டியபோது, இரண்டையும் அவர்கள் ஒரே அளவு இனிமையாகவே மதிப்பிட்டார்கள் என்று 2016-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இயற்கையாகவே இனிமை என்று நாம் நம்பியதில் எவ்வளவு பெரிய பங்கு கற்றுக்கொண்டது என்பதை அது காட்டியது.

இருந்தும் பழக்கம் மட்டும் போதாது. நாள் முழுக்கக் காதில் விழும் விளம்பரப் பாட்டு யாருக்கும் உயிராகிவிடுவதில்லை. ஊகம் ஒருமுறைகூடத் தவறாத இசை சலித்துப்போகிறது. ஊகிக்கவே இடம்கொடாத இசை விரட்டுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அகலம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பத்து வருடம் மேளம் கேட்டவருக்கு முதல் காலம் இன்பம். புதியவருக்கு ஐந்தாம் காலம். இருவருமே சரியாகத்தான் கேட்கிறார்கள்.

நினைவுக்கும் ஒரு பங்கு உண்டு. சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் நடக்கும் கொங்கன்படை, படையெடுத்து வந்த கொங்கு மன்னனைப் பகவதியின் துணையோடு ஊரார் விரட்டியதாகச் சொல்லப்படும் கதையின் கொண்டாட்டம். அந்த இரவின் கொட்டு ஊர்க்காரருக்கு வெற்றி முழக்கம். கொங்கு வேர் கொண்ட ஒருவர் பக்கத்தில் நின்றால் அதே அடி அவருக்கு வேறு கதையைச் சொல்லும். இதை மறுக்க முடியாது. ஆனால் இதை விளக்கம் என்று பெரிதாக எடுத்துக்கொள்ளவும் நான் விரும்பவில்லை. நினைவு ஒட்டிக்கொண்டதால் ஓர் இசை ஒருவருக்கு அருமையாகிறது என்றால், அந்த அருமை இசையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவர் வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறது. திறனாய்வாளர் இந்தக் கணக்கைத் தனியே வைக்க வேண்டும்.

ஊர் வாய் பற்றிய கேள்வி இதைவிடக் கடினம். எல்லோரும் கேட்கிறார்கள் என்பதாலேயே ஒரு பாட்டு பிடித்துவிடுமா? சல்கானிக், டாட்சு, வாட்சு என்னும் மூவர் 2006-இல் வெளியிட்ட சோதனை இதற்கு எண்ணிக்கையோடு விடை தருகிறது. யாரும் அறியாத குழுக்களின் 48 பாட்டுகளை 14,341 பேரிடம் இணையம் வழியே கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டுகள் மட்டும் தெரிந்தன. மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். பாட்டுகளின் வரிசை உலகத்துக்கு உலகம் மாறியது. ஆனால் மிகச் சிறந்தவை என்று தனியே கேட்டவர்கள் சொன்னவை எங்கும் படுதோல்வி அடைவது அரிது. மிக மோசமானவை எங்கும் உச்சிக்குப் போவதும் அரிது. நடுவிலிருந்தவை மட்டும் எங்கு வேண்டுமானாலும் போய் நின்றன. கூட்டத்தின் பலமும் அதன் எல்லையும் இதில் ஒருசேரத் தெரிகின்றன. பாட்டைக் காதருகே கொண்டுவருவது கூட்டம். அங்கே தங்கவைப்பது அதன் கையில் இல்லை.

ஒரே வீட்டில், ஒரே கோயில் ஒலிக்குள் வளர்ந்த அக்காவுக்கும் தங்கைக்கும் ரசனை வேறாக இருப்பதை இதுவரை சொன்ன எதுவும் முழுதாக விளக்கவில்லை. எந்த வயதில் எதைக் கேட்டார்கள் என்பது கொஞ்சம் விளக்கும். மற்ற இன்பங்கள் எல்லாம் சரியாக இருந்தும் இசையில் மட்டும் இன்பமே காணாத மனிதர்கள் உண்டு என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். அதனால் பிறவிக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது குரலை. பாலக்காட்டு மண் இரண்டு பெரும் குரல்களைத் தந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் வாயைத் திறந்து, மறைப்பில்லாமல், கூடத்தின் கடைசி வரிசைவரை போகும் வெண்கலக் குரலில் பாடினார். கே.வி. நாராயணசுவாமி அமைதியாக, சுருதிக்குள் கரைந்து பாடினார். இருவரும் சங்கீத கலாநிதி. ஒருவருக்கு 1951-இல், மற்றவருக்கு 1986-இல். ராக ஞானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் இருவரையும் கேட்ட ரசிகர்களில் ஒருவரையே உயிராகக் கொண்டவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றிக் குரலின் தன்மையில் வந்து முடியும். எதிர்பார்ப்பை விளக்கும் கோட்பாடு இங்கே கையை விரிக்கிறது. ஒரு குரலில் ஓர் ஆளைக் கேட்கிறோம். அந்த ஆளோடு இருக்கப் பிடிக்கிறதா இல்லையா என்பதைக் காது ராகம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறது.

இந்த எடைகளையெல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க ஒரு வழக்கு கிடைத்தது. சித்தூருக்கு வடக்கே, அதே மாவட்டத்தில் அட்டப்பாடி. 2020 பிப்ரவரியில் வந்த ‘அய்யப்பனும் கோசியும்’ படத்துக்காக அட்டப்பாடியின் இருளர் பெண் நஞ்சியம்மா தம் மொழியில் ஒரு பாட்டைப் பாடினார். இசை ஜேக்ஸ் பிஜாய், இயக்கம் சச்சி. 2022 ஜூலையில் அறிவித்த 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்கு. உடனே எதிர்ப்புக் குரல் எழுந்தது: கொடுத்த சுருதியில் நின்று பாட முடியாதவருக்கு விருதா, வாழ்நாளை இசைக்குக் கொடுத்தவர்கள் கதி என்ன? பல பாடகர்கள் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள். அவர்களில் பலரின் வாதம், உள்ளத்திலிருந்து வருவது பயிற்சியைவிட மேல் என்பது.

இரண்டு வாதமும் தவறு என்பது என் முடிவு. எதிர்த்தவர்கள், சுருதிப் பெட்டி வைத்துப் பாடாத ஒரு மரபைச் சுருதிப் பெட்டியால் அளந்தார்கள். பஞ்சாரியில் ராக ஆலாபனை இல்லை என்று குறை சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஆதரித்தவர்கள் உள்ளம் என்று சொல்லி, அவர் பாடியதில் இருந்த திறத்தைப் பார்க்காமல் விட்டார்கள். சிறிய மெட்டுத் துண்டு, அதே இடத்துக்குத் திரும்பித் திரும்பி வரும் நடை. முதல் முறை கேட்பவரின் காதே ஒரு நிமிடத்துக்குள் ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. மேளத்தின் ஐந்தாம் காலத்தில் நடப்பது இங்கே தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அந்த எளிமையின்மேல் திரைப்பாட்டில் நாம் கேட்டுப் பழகியிராத ஒரு குரல் வந்து அமர்கிறது. வடிவம் உடனே பழகிவிடுகிறது, குரல் கடைசிவரை புதிதாகவே இருக்கிறது. சித்தூர்த் தமிழருக்கு இன்னொன்றும் கிடைத்தது: இருளர் மொழி தமிழுக்கு நெருங்கியது, பாதிச் சொல் புரிகிறது. முழுதும் புரிந்தால் கிடைக்காத, ஒன்றுமே புரியாவிட்டாலும் கிடைக்காத ஓர் இழுப்பு அதில் உண்டு. எல்லைப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். படத்தின் விளம்பரம் பாட்டைப் பரப்பியது உண்மை. அன்று அதே அளவு விளம்பரத்தோடு வந்து மறைந்துபோன பாட்டுகளும் ஏராளம்.

விருது சரியானது. திரையில் அந்தப் பாட்டு செய்ய வேண்டிய வேலையை வேறு பயிற்சி பெற்ற குரல் எதுவும் செய்திருக்காது, பின்னணிப் பாடகருக்கான விருதுக்கு அதுவே அளவு. ஆனால் அந்த வெற்றியை இருளர் இசைக்குக் கிடைத்த வரவேற்பாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பிடித்தது ஒரு பாட்டு. காது இன்னும் பழகவில்லை. கொகலும் தவிலும் பொரையும் ஜால்ராவும் சேர்ந்து இரவெல்லாம் நீளும் அந்த இசைக்கு, அதன் சொந்த நீளத்தில், அட்டப்பாடிக்கு வெளியே காது கொடுத்தவர்கள் குறைவு. நஞ்சியம்மாவின் பாட்டைச் சித்தூரில் பள்ளிக் குழந்தைகள்கூடப் பாடுவார்கள். இன்னொரு இருளர் பாட்டைப் பாடச் சொன்னால், பெரியவர்களாலும் முடியாது.