பிபிசி மைக்ரோபிட்: வகுப்பறை மேசையில் ஒரு மதிப்பீடு

பள்ளிகளில் நிரலாக்கம், அதாவது கணினிக்குரிய கட்டளைகளை ஒழுங்குபட எழுதும் முறை, கற்பிக்கவென்று விற்கப்படும் கருவிகளில் ஒரு பகுதி பெட்டியைத் திறந்ததும் ஓடத் தொடங்கி விரைவிலேயே சலித்துவிடும் பொம்மைகள். மற்றொரு பகுதி கம்பியும் மின்தடையும் அறிந்தவருக்கே வசப்படும் மின்னணுப் பலகைகள். இவற்றின் நடுவே, பாடவேளையை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது பிபிசி மைக்ரோபிட். 1981இல் அக்கார்ன் நிறுவனத்துடன் சேர்ந்து பிபிசி மைக்ரோ என்ற கணினியைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்த பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம், 2016இல் அந்நாட்டின் 11, 12 வயதுப் பிள்ளைகள் சுமார் 10 லட்சம் பேருக்கு இச்சிறு பலகையை இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தது. பின்னர் அதன் பொறுப்பு மைக்ரோபிட் கல்வி அறக்கட்டளையிடம் சென்றது. 2020இன் பிற்பகுதியில் வெளிவந்த இரண்டாம் பதிப்பே இங்கு மதிப்பிடப்படுகிறது.

தீப்பெட்டியைச் சற்று அகலப்படுத்தினாற்போன்ற இப்பலகையின் முன்புறத்தில் ஐந்துக்கு ஐந்தாக 25 சிவப்பு எல்இடி விளக்குகளும், ஏ, பி எனக் குறிக்கப்பட்ட இரு பொத்தான்களும் உள்ளன. பின்புறத்தில் நுண்கட்டுப்படுத்தி, அதாவது செயலியையும் நினைவகத்தையும் ஒரே சில்லில் அடக்கிய சிறு கணினி, அமைந்திருக்க, அசைவை அளக்கும் முடுக்கமானியும் காந்தத் திசைகாட்டியும் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, விரல் பட்டால் உணரும் சின்னம் ஆகிய மூன்றும் இரண்டாம் பதிப்பில் சேர்ந்தவை. செயலியின் வேகம் 64 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 128 கிலோபைட் என்பது இன்றைய கைபேசியின் முன் ஒன்றுமே இல்லைதான். ஆனால் 16 கிலோபைட் மட்டுமே கொண்டிருந்த முதற்பதிப்பில் பைத்தான் மொழியில் எழுதிய நிரல் சற்று நீண்டாலே நினைவகம் போதாமல் நின்றுபோனதை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

நிரல் எழுதுவதற்கு மைக்ரோசாஃப்டின் மேக்கோட் என்ற இணையதளமே பெரும்பாலும் பயன்படுகிறது. அதில் கட்டளைகள் வண்ணக் கட்டங்களாகக் கிடைக்கின்றன; பிள்ளைகள் அவற்றை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்த, அருகிலுள்ள மாதிரிப் பலகை அந்நிரலைத் திரையிலேயே இயக்கிக் காட்டுகிறது. முடிந்த நிரலைக் கோப்பாக இறக்கிக்கொண்டு, யூஎஸ்பி கம்பிவழி இணைத்த பலகையில், பென்டிரைவில் நகலெடுப்பதுபோலவே போட்டுவிடலாம். கட்டங்களால் ஆன அதே நிரலைப் பைத்தான் வடிவிலும் பார்க்க முடிவதால், எட்டாம் வகுப்பில் கட்டங்களோடு தொடங்கியவர் ஒன்பதாம் வகுப்பில் எழுத்து நிரலுக்கு நகர்வது எளிதாகிறது.

கருவியின் உண்மையான பலம் வெற்றிபெறும் நிரல்களைவிடத் தவறும் நிரல்களில்தான் தெரிகிறது. மடக்கு என்பது ஒரே கட்டளைத் தொகுதியைத் திரும்பத் திரும்ப இயக்கும் அமைப்பு. முடிவில்லாத மடக்கு ஒன்றினுள் ஒரு பெயரை எழுத்தெழுத்தாக ஓடவிட்டு, அதன்கீழே 'ஏ பொத்தான் அழுத்தப்பட்டுள்ளதா' என்ற நிபந்தனையையும் வைத்தால், பொத்தானை எத்தனைமுறை தட்டினாலும் பலகை பெரும்பாலும் அசைந்துகொடுப்பதில்லை. பிள்ளைகள் முதலில் பொத்தான் கெட்டுவிட்டதென்றே முடிவுகட்டுவார்கள். பெயர் முழுவதும் ஓடி முடியும்வரை நிரல் அந்த ஒரு வரியிலேயே நிற்கிறது என்பதும், பொத்தானைக் கவனிக்கும் கணம் வருவதற்குள் விரல் எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதும் புரிந்தபின், நிகழ்வு என்ற கருத்துக்குத் தேவை தானாகவே பிறக்கிறது. நிகழ்வு என்பது பொத்தான் அழுத்தப்படும்போது மட்டும் விழித்துச் செயல்படும்படி தனியே எழுதப்படும் நிரற்பகுதி. கரும்பலகையில் இவ்வேறுபாட்டை விளக்க ஒரு பாடவேளை போதாது. இப்பலகையிலோ விரல்நுனியிலேயே அது விளங்கிவிடுகிறது.

பலகைகள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் வானொலி வசதியும் இத்தகைய பாடத்தைத் தருகிறது. 0 முதல் 255 வரையுள்ள குழு எண்களில் ஒரே எண்ணைத் தேர்ந்த பலகைகள் ஒன்றன் செய்தியை மற்றொன்று பெறும்; வகுப்பு முழுவதும் 1 என்ற எண்ணையே தேர்ந்துவிட்டால் எழும் கூச்சலும் குழப்பமும், கணினி வலையமைப்பில் முகவரி ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு ஆசிரியரின் உதவியின்றியே விடை சொல்லிவிடுகின்றன.

இப்பலகையைச் செருகி ஓட்டும் சிறு வண்டிகளும் பல கிடைக்கின்றன. இரு மோட்டார்கள், தரையிலுள்ள கருங்கோட்டை அறியும் உணரிகள், தடையின் தொலைவை ஒலியலையால் அளக்கும் உணரி ஆகியவற்றைக் கொண்ட மேக்வீன் அவற்றுள் ஒன்று. பிள்ளைகளுக்கான லோகோ நிரல்மொழி 1967இல் உருவாக்கப்பட்டதும், அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் தரையில் ஊர்ந்து கோடு வரையும் 'ஆமை' ரோபோவை அம்மொழியோடு இணைத்ததுமே இவற்றுக்கு முன்னோடி. முன்னே செல், வலப்புறம் திரும்பு என்ற இரு கட்டளைகளை நான்குமுறை மடக்கினால், லோகோவின் திரையில் நகரும் ஆமை குறைவற்ற சதுரம் வரையும். தரையில் ஓடும் வண்டி அப்படி வரைவதில்லை: மலிவான இரு மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுழலாததால் பாதை ஒருபக்கம் சாய்கிறது, மின்கலம் இறங்க இறங்கத் திரும்பும் கோணமும் குறைகிறது, வழுவழுப்பான தரையில் சக்கரம் சறுக்குகிறது. விளம்பரப் படங்களில் இடம்பெறாத இக்குறையே வண்டியை வாங்குவதற்குரிய நல்ல காரணம் எனலாம். நேரத்தைக் கணக்கிட்டு ஓட்டுவதை விட்டு, உணரி தரும் அளவைப் பார்த்து ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டு ஓட்டும் முறைக்கு, அதாவது பின்னூட்டக் கட்டுப்பாட்டுக்கு, பிள்ளைகள் நகர்வது அதனால்தான். எனினும் பலகையிலேயே மடக்கும் நிபந்தனையும் பழகாத வகுப்பில் வண்டியை இறக்கினால், அது விளையாட்டுக் காராகவே முடிந்துவிடும்.

குறைகளும் சில உண்டு. கணினியோடு இணைக்க வேண்டியது பழைய மைக்ரோ யூஎஸ்பி கம்பி. வீட்டில் கிடக்கும் கம்பிகளில் சில மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவுபவை என்பதால், பலகை ஒளிர்ந்தும் கணினியில் தோன்றாமல் பாடவேளை வீணாவது வழக்கம். வெப்பநிலை உணரி அளப்பது சில்லின் சூட்டை. ஆகவே அறையின் வெப்பத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே அது காட்டும். ஓடும் எழுத்துகளில் தமிழுக்கு இடமில்லை. ட, ப போன்ற எழுத்துகளைப் பிள்ளைகளே 25 புள்ளிகளில் வரைந்துகொள்ளலாம்; ஆனால் ணை, ஞூ ஆகியவற்றுக்கு அப்புள்ளிகள் போதா. மோட்டார்களுக்கு வேண்டிய மின்னோட்டத்தைப் பலகையால் தர இயலாது என்பதால், வண்டிக்குத் தனி மின்கலமும் தேவை.

ஒரே நிறுவனத்தின் மூடிய பெட்டியை நம்பும் பள்ளிகளுக்கு லெகோவின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ பெட்டி வரிசை ஒரு பாடம்: 1998இல் தொடங்கி உலகெங்கும் புகழ்பெற்ற அவ்வரிசையின் விற்பனை 2022இன் இறுதியோடு நிறுத்தப்பட்டது. மைக்ரோபிட்டுக்குத் துணைக்கருவிகளைப் பல நிறுவனங்கள் தயாரிப்பது இவ்வகையில் ஆறுதல் தருகிறது. முதலில் சொன்ன மின்னணுப் பலகைகளுள் ஒன்றான அர்டுயினோ விரிந்த வாய்ப்புடையதேயாயினும், பெரும்பாலான பயிற்சிகளுக்குக் கம்பிகளைப் பொருத்த வேண்டிய அது உயர்நிலை வகுப்புகளுக்கே உகந்தது. 2016இல் நடுவண் அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் பெறும் பள்ளிகள் ஆறாம் வகுப்பிலிருந்தே ரோபோ பெட்டிகளை வாங்கிக் குவிக்க முனைவதுண்டு. அவை இருவருக்கு ஒரு மைக்ரோபிட் என்ற கணக்கில் முதலில் பலகைகளையும், தரவு கடத்தும் கம்பிகளையும் வாங்கி, வண்டிகளை ஆறேழு பேருக்கு ஒன்று என்ற அளவில் அடுத்த ஆண்டுக்கு ஒதுக்குவதே தக்கது.