பழம்படமும் புதுமுகமும்

பழுதுற்ற பழைய புகைப்படங்களைத் திருத்தித் தருவது இன்று ஊர்தோறும் நடைபெறும் தொழிலாகிவிட்டது. கறை படிந்த படத்தைக் கொடுத்தால், சிறிது நேரத்தில் பளிச்சென்ற வண்ணப்படம் கைக்கு வருகிறது. வீட்டார் மகிழ்கின்றனர். வந்திருப்பது நம் பாட்டனாரின் முகந்தானா என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பூஞ்சை தின்ற கன்னத்தைக் கணிப்பொறி ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகம் எண்ணற்ற அயலார் முகங்களிலிருந்து கற்றது. அம்மைத் தழும்பு மறைகிறது. ஸ்டூடியோவின் திரைச்சீலை போய்ப் பூங்கா வருகிறது. துருக்கித் தொப்பியின் குஞ்சம் கறையெனக் கருதப்பட்டு நீங்கிவிடக்கூடும். தழும்பு அவர் பட்ட நோயைச் சொல்லும்; தொப்பி அவர் காலத்தைச் சொல்லும்; திரைச்சீலை அவர் நின்ற இடத்தைச் சொல்லும். இவற்றை இழந்த முகம் எவருடையதாகவும் இருக்கலாம்.

படத்தில் கைவைப்பதே பிழை என்பது நம் கருத்தன்று. 1858-இல் மதுரைக் காட்சிகளைப் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், தம் காகித நெகட்டிவ்களில் வண்ணம் பூசி, வெறுமையாய்த் தோன்றிய வானத்தில் மேகங்களை வரைந்தார். பழைய ஸ்டூடியோக்காரர்கள் தூரிகையால் சேலைக்குக் கரை தீட்டினர். அவை படத்துடன் பிறந்தவை, அவையும் வரலாறே. எஞ்சியிருக்கும் ஒற்றைப் பிரதியின்மேல், பின்வந்த நாம் செய்யும் மாற்றம் வேறு வகையினது.

திண்டுக்கல்லார்க்கு இதன் நுட்பத்தை விளக்குதல் எளிது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளித் துகள்களைத் தாங்கும் ஜெலட்டின், விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. அதை இறுகச் செய்யச் சேர்க்கும் படிகாரம், தோல் பதனிடுவோர் நன்கறிந்த பொருள். ஈரம் பட்ட தோல் என்னவாகுமென்று தலைமுறை தலைமுறையாய் அறிந்த குடும்பங்களே, ஈரத்துணியால் படத்தைத் துடைக்கலாமா? ஈரத்தில் ஜெலட்டின் ஊதி, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அத்தகைய படத்தைப் பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுக்க வேண்டும். கிழிசலுக்குச் செல்லோ டேப்பும் ஆகாது; அதன் பசை நாளடைவில் மஞ்சளித்துப் படத்துள் இறங்கும்.

சேகரிப்போர் சிலரும் குறையற்றவரல்லர். ஆல்பத்தைப் பிரித்து, அழகிய படங்களை மட்டும் தனித்தனியே விற்கின்றனர். அண்ணன் ஒரு வீட்டிலும் தங்கை ஒரு வீட்டிலுமாகப் பிரிந்தபின், உறவை எவர் அறிவார்? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களுக்கு எண்ணியல் நகலெடுத்தது. திருத்தத்தை விட நகலுக்கு முதலிடம் தரும் இம்முறை போற்றத்தக்கது. எனினும், எந்தக் காப்பகமும் தானாகத் தர இயலாத ஒன்றுண்டு. அதுதான் படத்திலிருப்பவரின் பெயர்.

நம் வீடுகளில், பெண்மக்களின் பழைய படங்கள் அரியவை. ஒருவருக்கு ஒரே படம் எஞ்சியிருப்பதும் உண்டு. அதன் பின்புறத்தில் இரங்கூன் ஸ்டூடியோவின் முத்திரையோ, அரபுத்தமிழில் எழுதிய ஒரு வரியோ இருக்கலாம். புதிய அட்டையில் ஒட்டினால் அது என்றைக்கும் மறைந்துபோகும். ஆகவே, முன்னும் பின்னும் நகலெடுத்த பின்னரே படத்தைத் திருத்தக் கொடுங்கள்; திருத்தம் நகலின்மேல் மட்டும் நடக்கட்டும். மூலப்படம் நம்மிடமுள்ள அமானிதம். வீட்டுப் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, படத்திலிருப்பவர் இன்னார், இன்னாரின் மகள் என்று கேட்டு, மெல்லிய பென்சிலால் உறையின்மேல் எழுதி வைப்போமாக.