வயிற்றில் ஒட்டும் பை: ஒரு திறனாய்வு

நூலைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தைத் திறனாய்வு செய்கிறோம். ஒரு மருத்துவக் கருவியையும் அவ்வாறே எடைபோட்டுப் பார்த்தால் என்ன? இம்முறை நாம் எடுத்துக்கொள்வது ஒரு பிளாஸ்டிக் பை. பார்வைக்கு எளியது. இதை நம்பிப் பல இலட்சம் மக்கள் உலகெங்கும் வேலைக்குச் செல்கிறார்கள், பயணம் செய்கிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.

குடலில் புற்றுநோய் கண்டவர்கள், ஆறாத குடற்புண்ணால் வாடுகிறவர்கள் ஆகியோரில் சிலருக்கு, அறுவைக்குப் பின் மலம் இயற்கையான வழியில் வெளியேற இயலாது. அறுவை மருத்துவர் குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொணர்ந்து தோலோடு தைத்து விடுகிறார். இதைக் குடல்வாய் என்று சொல்வோம். சிலருக்கு இது சில மாத ஏற்பாடு. சிலருக்கு வாழ்நாள் முழுவதற்கும். குடல்வாயின் மீது ஒட்டப்படுவதே நம் பை.

பையின் வேலை என்ன?

குடல்வாய்க்குச் சுருக்குத்தசை கிடையாது. ஆகவே அடக்குவதும் விடுவதும் நம் விருப்பத்தில் இல்லை. மேலும், குடல் எந்த இடத்தில் திறக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர்மம் செல்கிறது. பெருங்குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. பெருங்குடலின் கடைப்பகுதியில் குடல்வாய் அமைந்தால் மலம் பெரும்பாலும் கெட்டியாகவே வரும். சிறுகுடலில் அமைந்தாலோ நீர்மமாகவே வரும். அதில் உணவைச் செரிக்கும் நொதிகள் கலந்திருக்கும். அந்த நொதிகளுக்கு இறைச்சி எது, நம் தோல் எது என்ற வேறுபாடு தெரியாது! சில மணி நேரக் கசிவே தோலைப் புண்ணாக்கிவிடும்.

எனவே இந்தப் பை மூன்று தேர்வுகளில் வெற்றி பெறவேண்டும்: கசியக் கூடாது, நாறக் கூடாது, தோலைக் கெடுக்கக் கூடாது.

யார் செய்தது?

குடல் அறுவையின் வரலாற்றைச் சொல்வோர் பலர் அறுவை மேசையோடு கதையை முடித்துவிடுகின்றனர். 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிரையன் புரூக், சிறுகுடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். குடல்வாய் சிறிது துருத்தி நிற்பதால் நீர்மம் தோலில் படியாமல் பையினுள் விழும். இது பெரும் முன்னேற்றமே, ஐயமில்லை. ஆனால் நோயாளி வீட்டுக்குத் திரும்பிய பின் என்ன ஆனார்?

அந்நாளில் கிடைத்தவை இடுப்பில் வாரால் கட்டும் கனமான ரப்பர்ப் பைகள். அவற்றைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தவேண்டும். நாற்றம் ரப்பரில் ஊறிவிடும். டென்மார்க்கில் தோரா என்ற பெண், குடல் அறுவைக்குப் பின் வெளியே செல்லவே அஞ்சி வீட்டோடு அடைந்து கிடந்தார். அவருடைய சகோதரி எலிசே சோரன்சன் ஒரு செவிலியர். 1954-இல் அவருக்கு எழுந்த எண்ணம் இது: மெல்லிய பிளாஸ்டிக் பை, அதன் வாயில் ஒட்டும் வளையம், பயன்படுத்தியபின் எறிந்துவிடலாம். பிளாஸ்டிக் பொருள்கள் செய்துவந்த லூயி ஹான்சன் முதலில் தயங்கினார். செவிலியர் பயிற்சி பெற்றிருந்த அவர் மனைவிதான் அவரை இணங்கவைத்தார். 1957-இல் கோலோபிளாஸ்ட் நிறுவனம் பிறந்தது.

ஒட்டும் பொருளின் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் 1950-களில் கராயா பிசினைப் பயன்படுத்தித் தோலைக் காத்தார். ஈரத்திலும் ஒட்டும் இப்பிசின், இந்தியக் காடுகளில் வளரும் ஸ்டெர்குலியா யூரென்ஸ் என்ற மரத்தைக் கீறி எடுப்பதாகும். பின்னர் பெக்டின், ஜெலட்டின் முதலியவை கலந்த ஒட்டுத் தகடுகள் வந்தன. இவை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே தோலைப் பற்றி நிற்கின்றன.

நிறைகளும் குறைகளும்

இன்றைய பை முதல் இரண்டு தேர்வுகளில் நன்றாகவே தேறுகிறது. கரி வடிகட்டி வாயுவின் நாற்றத்தைப் பிடித்துக்கொள்கிறது. பையோடு குளிக்கலாம், நீந்தலாம். சட்டைக்குள் இருப்பது பிறருக்குத் தெரியாது.

குறைகள் எவை? முதலாவது, பை தானாக எதையும் கற்றுத்தருவதில்லை. தகட்டின் துளை, குடல்வாயை விட 2 அல்லது 3 மில்லிமீட்டரே அகலமாக இருக்கவேண்டும். குடல்வாயோ முதல் 6 முதல் 8 வாரங்களில் சுருங்கிக்கொண்டே வரும். மீண்டும் மீண்டும் அளந்து வெட்டாவிட்டால் இடைவெளியில் கசியும். பை பாதி நிறைவதற்குள் காலி செய்யாவிட்டால் கனத்தால் பிரியும். இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். டர்ன்புல் இதை உணர்ந்து, தம்மிடம் குடல்வாய் அறுவை செய்துகொண்ட நார்மா கில் என்பவரையே 1958-இல் பணியில் அமர்த்தினார். 1961-இல் இதற்கெனப் பயிற்சிப் பள்ளியும் அங்கே தொடங்கியது. பட்டறிவு உள்ளவரே ஆசிரியரானார்!

இரண்டாவது, இடம் தவறினால் எவ்வளவு நல்ல பையும் பயனற்றது. வேட்டி முடிச்சோ புடவைக் கொசுவமோ அழுத்தும் இடத்திலும், குனிந்தால் மடியும் இடத்திலும் தகடு நிற்காது. ஆகவே அறுவைக்கு முன்பே நோயாளியை உட்காரவும் நிற்கவும் குனியவும் செய்து இடத்தைக் குறிக்கவேண்டும்.

மூன்றாவது, இதுவே பெரிய குறை: எறிந்துவிடுவதற்கான பை என்பதால் ஆயுள் முழுவதும் வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். வாங்க இயலாதவர் ஒரே பையைப் பல நாள் இழுக்கிறார். கசிகிறது, தோல் புண்ணாகிறது, புண்ணான ஈரத்தோலில் புதிய பையும் ஒட்டுவதில்லை. நம் வெயிலும் வியர்வையும் இதை விரைவாக்குகின்றன. செல்வம் உள்ளவரின் தோலை மட்டும் காக்கும் கருவி, மூன்றாம் தேர்வில் பாதி மதிப்பெண்ணே பெறும்.

முடிவாக

ஒரு பையை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு: அணிந்தவர் அதை எவ்வளவு நேரம் மறந்திருக்கிறார்? பை நிறைந்துவிடுமோ என்ற அச்சத்தால் சிலர் நீர் அருந்துவதைக் குறைக்கிறார்கள். சிறுகுடலில் திறப்பு உள்ளவருக்கு இது ஆபத்து. அவர் உடல் நீரையும் உப்பையும் எளிதில் இழக்கும்; அவற்றை ஈடுசெய்தே ஆகவேண்டும்.

இந்த அச்சத்தில் ஒரு பங்கைத் தருவது பை. மறுபங்கைத் தருபவர்கள் நாம். சிவந்து ஈரமாக இருக்கும் குடல்வாய் புண்ணன்று; தொட்டால் வலிப்பதுமில்லை; பிறருக்குத் தொற்றுவதுமில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்தகையவர் ஒருவர் இருந்தால், அடுத்த திருமணத்துக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பந்தியில் உங்கள் பக்கத்திலேயே அவருக்கு இலை போடச் சொல்லுங்கள். புறப்படுமுன் மாற்றுப் பை ஒன்றை எடுத்துக்கொண்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.