பறவைச் சங்கத்தின் இரண்டு பதிவுகள்

பிரிட்டனின் ராயல் பறவைகள் பாதுகாப்புச் சங்கம் 1889இல் தோன்றியது. தொப்பி அலங்காரத்துக்காகப் பறவைகளைக் கொன்று இறகு பறித்த வணிகத்தை எதிர்த்துப் பெண்கள் தொடங்கிய அமைப்பு அது. இன்று அதற்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். இத்தனை பெரிய சங்கம் தன் இணைய உள்ளடக்கத்தைப் பரப்பச் சமூக ஊடகத்தை நம்பலாமா? அதன் இரண்டு செயல்களை எடைபோட்டுப் பார்க்கலாம்.

2019 ஏப்ரலில் அது ஒரு சிறு ஒலிப்பதிவை வெளியிட்டது. மனிதக் குரல் கிடையாது. பறவைகளின் குரல்கள் மட்டுமே. அருகிவரும் பறவைகளைப் பற்றி ஊர் பேச வேண்டும் என்பதே நோக்கம். ஆதரவாளர்கள் சமூக ஊடகத்தில் கைமாற்றிக் கைமாற்றிப் பரப்பினார்கள். அது பிரிட்டன் பாடல் தரவரிசையில் 18ஆம் இடத்தைப் பிடித்தது. இங்கே சமூக ஊடகப் பதிவின் வேலை வழிகாட்டுவதோடு முடிந்தது. கேட்பவர் போய்ச் சேர்ந்தது சங்கம் உருவாக்கிய பொருளிடம்.

2023 ஆகஸ்ட் 30 அன்று நடந்தது வேறு. புதிய வீடுகளின் கழிவால் ஆறுகளில் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் சேராமல் தடுக்கும் விதியைத் தளர்த்த அரசு முனைந்தது. அதை எதிர்த்த சங்கத்தின் எக்ஸ் பக்கம் அன்றைய பிரதமர் ரிஷி சுனக்கையும் இரண்டு அமைச்சர்களையும் பொய்யர்கள் என்றது. பதிவு தீயாய்ப் பரவியது. தலைமை நிர்வாகியே வானொலியில் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது என்பார்கள். அரசின் திருத்தம் செப்டம்பரில் பிரபுக்கள் அவையில் தோற்றது உண்மை. ஆனால் அந்த வெற்றியைப் பதிவின் கணக்கில் எழுதுவதற்குச் சான்று இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான சட்டபூர்வக் கண்காணிப்பு அலுவலகமும், திருத்தம் பாதுகாப்பின் தரத்தைக் குறைக்கும் என்று பதிவு வெளியான அதே வாரத்தில் அமைச்சர்களுக்கு எழுதியிருந்தது. அதில் வசைச்சொல் இல்லை, காரணம் இருந்தது. சங்கமோ, ஆற்றைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தைத் தன் வாய்ச்சொல்லுக்கு விளக்கம் சொல்வதில் இழந்தது. அந்தச் சொல்லை எழுதியவர் எவராயினும், அது பத்து லட்சம் பேரின் பெயரால் வெளிவந்தது. அவர்களில் அன்றைய ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவர்களும் இருப்பார்கள். சந்தா கட்டியவர்கள் பறவைகளைக் காக்கத்தான் அந்தப் பெயரைச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள்.

குற்றம் ஒரு பணியாளருடையது மட்டுமல்ல. சினத்தை வேகமாகப் பரப்பும் தளம், வெளியே அழைத்துச் செல்லும் இணைப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எக்ஸில் இணைப்பை முதன்மைப் பதிவில் வைக்காமல் மறுமொழியில் வைக்கும்படி 2024 நவம்பரில் எலான் மஸ்க்கே சொன்னார். முகநூல் 2018 ஜனவரியில் நண்பர், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை தந்து பக்கங்களைக் கீழே இறக்கியது. 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் செய்திகளை முடக்கியபோது தொண்டு நிறுவனங்களின் பக்கங்களும் வெறிச்சோடின. வாடகை வீட்டில் குடியிருப்பவரின் நிலைதான் சங்கங்களுக்கும்.

அதனால் வெளியேறிவிட வேண்டுமா? வேண்டாம். இதே சங்கம் 1979 முதல் ஜனவரிக் கடைசியில் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சி வழியாகத்தான் அது முதலில் வீடுகளுக்குப் போனது; அதுவும் பிறருடைய மேடையே. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். பெரும்பாலோர் சங்கத்தின் சொந்த இணையதளத்திலேயே கணக்கைப் பதிகிறார்கள். முகநூல் பிறப்பதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிய வழக்கம் அது. பதிவுகள் அதை நினைவூட்டினால் போதும்.

என் தீர்ப்பு இது: உறுப்பினர் அமைப்புக்குச் சமூக ஊடகம் தேவை, ஆனால் அழைப்பு விடுக்கும் இடமாக மட்டுமே. வாதமும் கண்டனமும் சங்கத்தின் சொந்தப் பக்கத்தில், பொறுப்பாளர் ஒப்புதலோடு, ஆதாரங்களுடன் வர வேண்டும். சங்கப் பக்கங்களை நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டறிக்கையில் விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள். பதிவைப் பார்த்துச் சேர்ந்தவர் எத்தனை பேர், சந்தாவைப் புதுப்பித்தவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.