கடலோர வீட்டில் ஓர் ஆபீஸ் கம்ப்யூட்டர்

ஓட ஆரம்பித்துவிட்டால் இந்தக் கம்ப்யூட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, புத்தக அலமாரியில் செருகிவிடக்கூடிய சின்ன கேபினெட். ஓஎம்ஆர் பக்கம் ஏதோ ஓர் ஐடி கம்பெனியில் சில வருஷம் உழைத்து, லீஸ் முடிந்து, சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து, துடைத்து ஸ்டிக்கர் ஒட்டி 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்கப்படும் ரகம். டேலி, ஆன்லைன் வகுப்பு, ஏகப்பட்ட டேப் திறந்து வைத்த குரோம், எதற்கும் சளைக்கவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கும் இன்டெல் ப்ராசசர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே இருப்பதைச் சல்லிசாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பதினைந்தாயிரத்துக்குள் இதைவிட நல்ல பெட்டி கிடைப்பது கஷ்டம்.

ஓட ஆரம்பிப்பதில்தான் தகராறு.

வாங்கியது ஐப்பசியில். வீடு திருவொற்றியூரில், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெருவில். முதல் மாடி, கிழக்கு பார்த்த ஜன்னல், அதன் ஓரம் மேஜை. காலை ஆறரைக்குப் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும். ஃபேன் ஒரு தரம் உறுமிவிட்டு அடங்கும். மானிட்டர் 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். பவர் பட்டன் விளக்கு மட்டும் ஏதோ கணக்கு வைத்து விட்டு விட்டு மின்னும். அதே பெட்டி பதினொரு மணி வெயிலில், யாரும் கை வைக்காமலேயே, ஒரே அழுத்தில் எழுந்துகொள்ளும். பிறகு நாள் முழுக்க எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் மக்கர் பண்ணாது. மறுநாள் காலை மறுபடியும், "அப்பா, டிஸ்ப்ளே வரல!" சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே சமர்த்தாக ஓடும். கடை திறப்பதே பத்தரைக்கு மேல்தானே.

'கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை என்றால் பிளக், பவர் ஒயர், உள்ளே கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். விளக்கும் ஃபேனும் உண்டு, கம்பெனி லோகோகூட வரவில்லை என்றால் பெரும்பாலும் ரேம், அதை விட்டால் போர்டு. லோகோ வந்து, புள்ளிகள் சுற்றி, அதற்குப் பிறகு நின்றாலோ திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனாலோ எஸ்எஸ்டி அல்லது விண்டோஸ்.

காரணம் எளிது. பட்டனை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ்கள் நிலைப்பட அரை விநாடிவரை எடுத்துக்கொண்டு, 'பவர் குட்' என்று போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்புகிறது. அதற்குப் பிறகுதான் ப்ராசசர் விழித்து, பயாஸைப் படித்து, ரேம் எங்கே என்று தேடுகிறது. ரேம் அகப்படாதவரை திரையில் எதுவும் வராது. திரையில் எழுதிக் காட்ட வழியில்லாததால் விளக்கை மின்னவைத்துச் சொல்கிறது. பெட்டியைத் தயாரித்த கம்பெனியின் கையேட்டைத் தேடிப் பார்த்தேன். என் பெட்டி காலைதோறும் மின்னிக் காட்டியது 'மெமரி' என்பதைத்தான். அந்தக் காலத்துப் பெட்டிகளில் இதற்கு பீப் சத்தம் இருந்தது, அடுக்களையில் இருந்தாலும் காதில் விழும். சில்லறைக் காசு விலையுள்ள ஸ்பீக்கரை மிச்சம் பிடித்து, குனிந்து உட்கார்ந்து விளக்கை எண்ணவைக்கிறார்கள் இப்போது.

நான் எரிச்சல்படுவது இந்த விளக்கின் மேல்கூட இல்லை, ஃபார்மட்டின் மேல். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் எந்த வியாதிக்கும் மருந்து ஒன்றுதான். காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் நடந்த பேச்சு இது:

"இன்னா சார் ப்ராப்ளம்?"

"காலையில டிஸ்ப்ளே வரல தம்பி."

"விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் சார். ஃபார்மட் அடிச்சு புது ஓஎஸ் போட்டுடலாம். டேட்டா வேணும்னா அது தனி சார்ஜ்."

"லோகோவே வரல தம்பி. விண்டோஸ் எங்கருந்து வந்துச்சு?"

"எதுக்கும் போட்டுப் பாப்போம் சார்."

இந்த 'எதுக்கும்' எத்தனை வீட்டுக் கல்யாண போட்டோக்களைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. விண்டோஸ் பக்கம் கோளாறே வராது என்று சொல்லவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி, உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் சிக்கிக்கொண்டன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கூத்துக்கும் தீர்வு ஃபார்மட் இல்லை. சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழித்தால் மெஷின் எழுந்துகொண்டது. லோகோவுக்குப் பிறகு நிற்கிற பெட்டிக்கே ஃபார்மட் கடைசி மருந்துதான். லோகோவுக்கு முன்னால் நிற்கிற பெட்டிக்கு அது மருந்தே இல்லை.

என் பெட்டியின் வியாதியைக் கண்டுபிடித்தவர் ஹார்பரில் எலக்ட்ரிகல் பக்கம் வேலை பார்த்து ரிட்டயர் ஆன எதிர்வீட்டு அண்ணன். கம்ப்யூட்டர் பற்றி அவருக்குத் தெரியாது. காலையில் வராது, வெயில் ஏறினால் வரும் என்றதுமே சிரித்தார். "கிரேன் பேனலுக்குள்ள ஹீட்டர் வெச்சிருப்போம்பா. ராத்திரி ஈரம் ஏறாம இருக்கணும்ல. அது போச்சுன்னா காலையில ஒரு கான்டாக்டும் புடிக்காது. உன் பொட்டிக்குள்ள ஹீட்டர் இருக்குதா?"

இல்லை. இருந்தது உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு, வெறும் தூசியாகக் கிடக்கும்வரை பெரிய தொந்தரவு தராது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். மழைக்காலத்தில் நம் பக்கத்து ராத்திரிகள் அந்த 75ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. காலையில் நனைந்த தூசி, பதினொரு மணிக்குக் காய்ந்த தூசி. பெட்டியின் குணம் மாறுவது இதனால்தான்.

இங்கே உப்பு தனியாகவும் வருவதில்லை. உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூருக்குப் போனது. ராயபுரத்து மொட்டைமாடிகளுக்குக் கொஞ்சம் விடிவு. எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பலோடு நிலக்கரியும் சேர்ந்தது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் எண்ணூரிலிருந்து திருவொற்றியூருக்குக் காற்று நேர்வழி. போதாததற்குக் கன்டெய்னர் லாரிப் புழுதி, மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மூக்கில் ஏறும் கந்தக நெடி. கந்தகத்துக்கு வெள்ளியும் செம்பும் என்றால் தனிப் பிரியம். ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து எலக்ட்ரானிக் சாமான்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்து, உலகம் முழுக்க ஈயமில்லா பற்றுவைப்புக்கு மாறினார்கள். அதையொட்டிச் சர்க்யூட் போர்டுகளில் வெள்ளிப் பூச்சு பரவலான பிறகு, கந்தகக் காற்றடிக்கும் ஊர்களில் அரிப்புத் தொல்லை கூடியது.

சர்வர் அறைகளுக்கு இதற்கென்றே ஓர் அளவுகோல் உண்டு. செப்புத் தகடு ஒன்றை அறையில் ஒரு மாதம் வைக்கிறார்கள். அதன் மேல் படியும் அரிப்பு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் ஜி1, அதாவது சாதுவான காற்று. ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறாக்கி அதில் முந்நூறு. 2000ஐத் தாண்டினால் படுமோசம். டேட்டா சென்டருக்கு இந்தக் கவலையெல்லாம் படுகிறார்கள். வீட்டுக்கு விற்கும் பெட்டியின் விவரத்தாளில் ஈரப்பத வரம்பு ஒன்று போட்டு, 'நீர் கோக்காதவரை' என்ற நிபந்தனையோடு முடித்துக்கொள்கிறார்கள். உப்பு என்ற பேச்சே இல்லை.

இந்த இடத்தில்தான் இந்தப் பெட்டியின் மேல் எனக்கு மரியாதை வந்தது. பின்பக்கம் ஒரு தாழ்ப்பாள், இழுத்தால் மூடி கையோடு வந்துவிடுகிறது. டிரைவ் கூடு கீல் வைத்த மாதிரி எழுந்து நிற்கிறது. ரேமுக்கு இரண்டு பக்கமும் காது. ஸ்குரூடிரைவரே வேண்டாம். ஐடி கம்பெனியில் ஒரு பையன் ஒரு நாளைக்கு ஐம்பது பெட்டி திறக்க வேண்டும் என்பதற்காக யாரோ யோசித்துச் செய்தது, நமக்கு உதவுகிறது. பிளக்கை உருவிவிட்டு, மிச்சக் கரண்ட் வடியப் பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, கேபினெட்டின் இரும்பை ஒரு தரம் தொட்டு, ரேமை வெளியே எடுத்தேன். அடியில் வரிசையாகத் தங்கப் பட்டைகள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்துப் பட்டைகளில் மூக்குப்பொடி நிறத்தில் புள்ளிகள். பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போகிறது. துகள் விழாமல் தட்டிவிட வேண்டும். அதைவிட உத்தமம் பஞ்சில் தொட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். ஸ்லாட்டைப் பிரஷால் தூசி தட்டி, இரண்டு காதும் 'க்ளிக்' என்னும்வரை அழுத்தினேன். மறுநாள் காலை ஆறரைக்கு லோகோ வந்தது.

நிரந்தரமாக இல்லை. சில வாரம் கழித்து வியாதி எட்டிப் பார்த்தது. மேஜையை ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றி, ஃபிரில் வைத்த பிளாஸ்டிக் கவரைத் தூக்கி எறிந்த பிறகுதான் அடங்கியது. அந்தக் கவர் தூசியை ஓரளவு தடுக்கும், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் டிவிக்கும் மிக்சிக்கும் போட்ட பழக்கத்தில் இதற்கும் போடுகிறோம்.

பெட்டியைத் திறந்தவனுக்கு வேறு விஷயங்களும் தெரியவருகின்றன. மூடியில் கை வைத்தால் லேசாகக் கூசியது. அது பெட்டியின் குற்றமில்லை, வீட்டு எர்த்தின் குற்றம். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் உள்ள ஃபில்டர் கண்டென்சர்கள் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, மிகச் சொற்பக் கரண்டோடு, கேபினெட்டிலேயே நிற்கும். கடலோர வீடுகளில் எர்த் பைப் துருப்பிடித்துப் போவது சகஜம். கூசினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கம்ப்யூட்டர் மெக்கானிக்கை இல்லை.

போர்டில் உள்ள காசு மாதிரி பேட்டரி, சிஆர்2032, எல்லா ஊரிலும் கிடைக்கும். அது தீர்ந்தால் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய்விடும், பிரவுசர் ஒவ்வொரு வெப்சைட்டையும் நம்ப மறுக்கும், ஆன் செய்யும்போதெல்லாம் எஃப்1 அழுத்தச் சொல்லிப் பெட்டி நிற்கும். இவ்வளவு திறந்த மனதுள்ள கேபினெட்டில் அந்தப் பேட்டரியை மட்டும் டிரைவ் கூட்டுக்கு அடியில் விரல் நுழையாத இடத்தில் வைத்த புண்ணியவானை ஒரு நாள் சந்திக்க வேண்டும்.

பெரிய குற்றச்சாட்டு எஸ்எம்பிஎஸ் மேல். ஊருக்கெல்லாம் 24 பின், இந்தக் கம்பெனிக்குச் சொந்தப் பின், சொந்த அளவு. சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் சேர்த்தால் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்து உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். போயிருந்தால் அடுத்த தெருவிலேயே வேறொன்று கிடைக்கும். இதற்கு ரிச்சி தெருவில் இதே மாடல் செத்த பெட்டி ஒன்றைத் தேட வேண்டும். வோல்டேஜ் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும் ஏரியாவில் முதலில் போவது எஸ்எம்பிஎஸ்தான். அதைப் போய் அடைத்து வைப்பது திமிர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 8 வந்த 2012லிருந்து 'ஷட் டவுன்' என்பது முழுதாக அணைப்பதில்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி, விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்க்கில் உறையவைத்து மறுநாள் அப்படியே எடுக்கிறது. உறைந்ததில் கோளாறு இருந்தால் அதுவும் கூடவே வரும். லோகோவுக்குப் பிறகு தகராறு செய்யும் பெட்டிகளில் முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பாருங்கள், அதுதான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். எஸ்எஸ்டி உள்ள பெட்டிக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால் பெரிய லாபமில்லை, கண்ட்ரோல் பேனலில் அணைத்துவிடலாம்.

இந்தப் பெட்டியை வாங்கலாம், வாரன்டி ஸ்டிக்கரைக் கிழிக்காமல் மூடியைத் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே கேட்டுவிட்டு. கையோடு அதே மாடல் எஸ்எம்பிஎஸ் ஒன்றுக்கு விலை விசாரித்து வையுங்கள். மிக்ஜாம் புயல் தண்ணீரை 2023 டிசம்பரில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். ப்ராசசர், கிராஃபிக்ஸ் என்று பட்டியல் போட்டு மதிப்பெண் தருகிற விமர்சகர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஸ்குரூடிரைவர் இல்லாமல் ரேமை எடுத்துத் துடைக்க முடியாத பெட்டி எவ்வளவு வேகமானாலும், ராயபுரத்துக்கு வடக்கே யாருக்கும் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.