தகுதி வழக்கும் போர்ச் செய்தியும்: 2009 வன்னிப்போர்ச் சொல்லாட்சி குறித்த ஒரு திறனாய்வு

நேரே சொல்லத் தகாததைத் தகுதியான வேறு சொல்லால் கூறுவதைத் தமிழ் இலக்கணம் தகுதி வழக்கு எனக் குறிக்கும். நன்னூல் அதனை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தும். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலத்துக்கு உரையாசிரியர் காட்டும் சான்றாகும். கேட்போர் மனம் நோவாமல் காப்பது இவ்வழக்கின் பயன். போர்க்காலச் செய்தியில் இப்பயன் தலைகீழாகிறது. கேட்போரைக் காக்க எழுந்த மரபு கொல்வோரைக் காக்கப் பயன்படுகிறது. 2009 மே மாதம் முடிவுற்ற வன்னிப்போர் பற்றிய செய்திமொழி இதற்குத் தெளிவான சான்றாகும்.

அச்செய்திகள் பிறந்த சூழலை முதலில் கருதவேண்டும். 2008 செப்டம்பரில் இலங்கை அரசின் அறிவுறுத்தலை ஏற்று ஐ.நா. பன்னாட்டுப் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். சார்பற்ற ஊடகவியலாளர் போர்முனைக்கு விடப்படவில்லை. 2009 ஜனவரி 8-ஆம் நாள் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பில் கொல்லப்பட்டார். எனவே, பொன்முடி மலையில் தமிழ் நாளிதழ் படித்தவருக்கும் இலண்டனில் தொலைக்காட்சி பார்த்தவருக்கும் பெரும்பாலும் கிடைத்தவை போரிட்ட இரு தரப்பாரின் சொற்களே. அச்சொற்களைச் சோதித்துப் பார்க்கும் கடமை ஊடகங்களுக்கு இருந்தது.

அரசு தன் போருக்கு இட்ட பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை' என்பது. பணயக் கைதிகளாகிய மக்களை மீட்பதே நோக்கம் என்றும், பொதுமக்களுள் ஒருவரும் சாகாத வகையில் போர் நடைபெறுகிறது என்றும் கூறப்பட்டது. இதன் உச்சம் 'பாதுகாப்பு வலயம்' என்னும் சொல்லாகும். முதல் வலயம் 2009 ஜனவரியிலும் கடற்கரையோர இரண்டாம் வலயம் பிப்ரவரியிலும் மிகச் சிறிய மூன்றாம் வலயம் மே மாதத்திலும் அறிவிக்கப்பட்டன. ஜனவரி 24-ஆம் நாள் முதல் வலயத்துள், ஐ.நா. பணியாளர் தங்கியிருந்த இடத்தின் அருகிலும் உணவு வழங்கும் இடத்திலும் எறிகணைகள் விழுந்ததை ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் பதிவுசெய்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை தாக்கப்பட்டது பற்றிப் பிப்ரவரித் தொடக்கத்தில் கேட்கப்பட்டபோது, வலயத்துக்கு வெளியே மருத்துவமனையே இயங்கக் கூடாது என்னும் பொருள்படப் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச விடையளித்தார். ஓர் இடத்தைப் 'பாதுகாப்பு' எனப் பெயரிட்டது, பிற இடங்களைத் தாக்குவதற்கான உரிமமாக மாறியமை இவ்விடையில் புலனாகிறது.

போருக்கு முன் மக்களை எச்சரிப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையாரின் புறநானூற்று ஒன்பதாம் பாடல், ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையாரும் புதல்வரைப் பெறாதாரும் அரண் சேருமாறு அறிவித்துப் போர் தொடங்குவதை அறநெறியாகப் போற்றுகிறது. வீரயுகப் புகழ்மொழியை வரலாற்று உண்மையாகக் கொள்ளத் தேவையில்லை. எனினும் அங்கே அரண் என்பது அம்பு செல்லாத இடம். வன்னியில் மக்கள் சென்றுசேர்ந்த இடத்திலேயே எறிகணை விழுந்தது. எச்சரிக்கை விடுத்தது மட்டும் அறமாகாது. எச்சரிக்கையை நம்பி வந்தவர் பிழைத்தனரா என்பதே உரைகல்.

சொல்லுக்கு இணையாக எண்ணும் ஆளப்பட்டது. போர்ப்பகுதியில் எஞ்சியோர் ஒரு லட்சத்துக்கும் குறைவு என்று கொழும்பு கூறிவந்தது. அரசின் சொந்த மாவட்ட அலுவலர்கள் அளித்த கணக்கோ ஏறத்தாழ 3,30,000. குறைத்துக் கூறிய எண்ணுக்கு ஏற்பவே உணவும் மருந்தும் குறைந்தன. போர் முடிந்தபின் மெனிக் பாம் முதலிய முகாம்களை அடைந்தோர் 2,80,000-க்கும் மேற்பட்டோர். முன்னர்ச் சொல்லப்பட்ட எண் பொய் என்பதை இவ்வருகையே மெய்ப்பித்தது. எனினும் அப்பழைய எண்ணை வெளியிட்ட இதழ்களுள் மிகச் சிலவே அதனை மீண்டும் எடுத்து வினவின. ஐ.நா.வின் இலங்கைப் பணிக்குழு 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருந்தும் அதனை அப்போது முறையாக வெளியிடவில்லை. இறந்தோர் 40,000 வரை இருக்கலாம் என்பது பின்னர் வல்லுநர் குழு கூறியது. களத்திலிருந்து எண்களைச் சொல்லிவந்த அரசு மருத்துவர்கள் கைதாகி, 2009 ஜூலை 8-ஆம் நாள் காவலில் இருந்தவாறே அவற்றை மறுத்துரைக்க நேர்ந்தது.

தமிழகச் செய்திமொழியும் இக்குறைக்கு விலக்கன்று. 2009 ஏப்ரல் 27-ஆம் நாள் முதலமைச்சர் மு. கருணாநிதி சென்னை அண்ணா நினைவிடத்தில் உண்ணாநோன்பு தொடங்கிச் சில மணி நேரத்தில் முடித்துக்கொண்டார். போர் நின்றது என்னும் செய்தி பரவியது. கொழும்பின் அன்றைய அறிக்கை கூறியதோ கனரகப் பீரங்கிகளையும் வான்தாக்குதலையும் நிறுத்துமாறு படைகள் பணிக்கப்பட்டுள்ளன என்பதே. மக்களை மீட்கும் பணி தொடரும் என்றும் அது கூறியது. அதுவரை கனரக ஆயுதம் பயன்படுத்தப்படவில்லை என்ற மறுப்பையே அவ்வறிக்கை உடைத்துவிட்டது. அந்த ஒப்புதலைப் படிக்க வேண்டியவர்கள் 'போர்நிறுத்தம்' என்று தலைப்பிட்டனர். தாக்குதல் தொடர்ந்தபோது, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்னும் உவமை முதலமைச்சரிடமிருந்து வந்தது. கொலை இயற்கை நிகழ்ச்சியாக உருமாறுவதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

விடுதலைப்புலிகள் தரப்பின் மொழியும் இதே சோதனைக்கு உரியது. மக்கள் தம் விருப்பத்தாலேயே தம்முடன் இருக்கின்றனர் என்று அவ்வியக்கம் கூறியது. தப்பியோட முயன்றோர் சுடப்பட்டதையும் சிறுவர் வலிந்து படையில் சேர்க்கப்பட்டதையும் வல்லுநர் குழு அறிக்கையும் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பின் அறிக்கைகளும் பதிவுசெய்துள்ளன. இயக்கச் சார்பு ஊடகங்கள் எறிகணையைச் சொல்லி இதனை விடுத்தன. அரசுச் சார்பு ஊடகங்கள் இதனைச் சொல்லி எறிகணையை விடுத்தன. இரு குற்றங்களும் ஒரே அளவினவல்ல என்று வாதிடலாம். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைக்க அவ்வாதம் இடந்தராது. இரண்டிலும் இறந்தவர் ஒரே மக்கள்.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் எளிய கழித்தல் கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தோர் 4,29,059. வெளியே வந்தோர் 2,82,380. எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்பது அவர் வினா. அவ்வெண் முழுவதும் இறந்தோர் தொகை என்று கொள்வது பொருந்தாது. ஆனால் வினா அரசின் பதிவேட்டிலிருந்தே எழுந்தது. அதற்குத் தக்க விடை அளிக்கப்படவில்லை.

உறவுகளைத் தேடும் குடும்பத்தினர் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினர். 'காணாமற்போனோர்' என்னும் சொல்லை ஏற்காது 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே அவர்கள் கூறிவருகின்றனர். முன்னது தன்வினை, போனவர் தாமே போனார் என்பது அதன் பொருள். பின்னது செயப்பாட்டு வினை; ஆக்கியவர் யார் என்னும் வினாவை அது விடாது நிறுத்துகிறது. 'உயிரிழந்தனர்', 'பலியாயினர்' என எழுதிப் பழகிய செய்தித்துறை கற்கவேண்டிய இலக்கணம் இதுவே. கொன்றவர் எவர் என்பதை வினைமுற்றிலேயே சொல்லத் துணியாத செய்தி, எத்துணை இரக்கம் தோன்ற எழுதப்பட்டாலும், போரை நடத்துவோருக்கே துணைநிற்கும்.