குணமும் அளவையும்

சமய நூலையும் இயற்கை நூலையும் ஒருங்கு போற்றும் அறிஞர், அவை தம்முள் முரணியவிடத்து யாது செய்வர் என்பது ஆராயத்தக்கது. 1907-இல் எட்மண்ட் காஸ் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்னும் ஆங்கில நூல், தம் தந்தையாரின் குணவியல்பையே இதற்கு விடையாகக் காட்டும். நூலின் தொடக்கத்திலேயே அதனை இரு குணங்களின் போராட்டமென அவர் குறிக்கின்றார்.

தந்தையார் பிலிப் ஹென்றி காஸ் (1810–1888) கடல்வாழ் சிற்றுயிர்களை நுணுகி நோக்கி வரைந்த இயற்கையறிஞர். விவிலியத்தைச் சொல்லுக்குச் சொல் மெய்யெனக் கொண்டவர். பாறைகளோ உலகின் பெருந்தொன்மையைக் காட்டின. ஆகவே 1857-இல் 'ஓம்பலோஸ்' என்னும் நூலை இயற்றினார். அப்பெயர் கொப்பூழைக் குறிக்குங் கிரேக்கச் சொல். தாய்வயிற்றிற் பிறவாத ஆதாமுக்குங் கொப்பூழ் இருந்தவாறு போல, மரங்கள் ஆண்டுவளையங்களோடும் பாறைகள் உயிர்ப்படிவங்களோடும் படைக்கப்பட்டன என்பது அந்நூலின் துணிபு. சமயகுருவாகிய சார்லஸ் கிங்ஸ்லியும் இதனை ஏற்றிலர். இறைவன் பாறைகளிற் பொய்யெழுதினான் எனக் கொள்ளுதல் தமக்கு இயலாதென்றார்.

தந்தையார் ஐயத்தைப் பொறாத இறுகிய மனத்தராகலின் இங்ஙனம் முடித்தார் என்பது மைந்தர் நூலாற் பெறப்படும். இது நிரம்பிய விடையன்று. 2002-இல் ஆன் த்வெயிட் எழுதிய வரலாறு, மைந்தர் தீட்டிய அளவு கடுமை தந்தையாரிடத்து இல்லை எனக் காட்டுகின்றது. அக்கடுமை உண்டெனவே கொள்ளினும், குணமானது ஒருவர் ஒரு கொள்கையை ஏன் பற்றினார் என்பதை உணர்த்துமேயன்றி, அக்கொள்கை மெய்யோ பொய்யோ என்பதை உணர்த்தாது. அதனைத் துணிதற்கு உரியது அளவையே.

காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் பிலிப் காஸ் காண்டலைக் கைவிட்டிலர், உரையையுங் கைவிட்டிலர். இடைநின்ற கருதலையே அழித்தார். வளையங்கள் ஆண்டுகளின்றியே தோன்றுமெனின், புகை கண்டு நெருப்புண்டெனத் துணிதல் யாங்ஙனம்? நேற்றென ஒரு நாள் இருந்தமைக்கும் சான்று யாது? எக்காட்சியாலும் மறுக்கப்படாமை அக்கொள்கைக்கு வலிமை போலத் தோன்றும். எக்காட்சியாலும் நிறுவப்படாமையும் அதனோடு உடன்வருதலின் அதுவே குற்றமாயிற்று.

கிங்ஸ்லியும் அவ்விவிலியத்தையே போற்றியவராதலின், இப்பிழை பற்றின்மேல் ஏற்றத்தக்கதன்று. பிலிப் காஸின் மனவுறுதியும் பழித்தற்குரியதன்று; 1886-இல் ஹட்ஸனொடு கூடி வெளியிட்ட சக்கரச் சிற்றுயிர் பற்றிய பெருநூல் அவ்வுறுதியின் பயனன்றோ!

மைந்தர் நூல் குணச்சித்திரமென்னும் அளவில் உயர்ந்தது; அதனைக் கொள்கைக்கு உரைத்த தீர்ப்பாகக் கொள்ளுதல் தகாது. உரையைக் காத்தற்பொருட்டுக் கருதலை அழிப்போர் உரையையும் இழப்பர். உரையின் பொருளைத் துணிதற்குங் கருதலே வேண்டுமாகலின் என்க.